மலைக்கோட்டையும் கடற்கோட்டையும்

மாணவர்களே! சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், திருப்பதிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் முன்னதாக, சந்திரகிரி என்னும் ஊர் உள்ளது. அங்கே பாறைக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் பழமையான கோட்டை நிற்கிறது. இங்கிருந்து கடலைக் காண இயலாது. ஆயினும், வங்கக் கடற்கரையில் உள்ள புகழ்பெற்ற கோட்டை ஒன்றின் வரலாறு இந்தக் குன்றோடு பிணைந்துள்ளது. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

பகைவரிடமிருந்து நாட்டைக் காக்கும் பாதுகாப்பை நம் முன்னோர் 'அரண்' என்றனர். திருக்குறளில் 'அரண்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அரண்களாகக் கருதப்பட்டன. மலைக்கோட்டை உயரத்தை நம்பியது. கடற்கோட்டை கப்பல்களை எதிர்நோக்கியது. அரபு நாடான எகிப்தில், அலெக்சாந்திரியா நகரின் கடல்முனையில் நிற்கும் காயித்பே கோட்டை கடற்கோட்டைக்குச் சிறந்த சான்று. அது 1477-ஆம் ஆண்டில், இடிந்துபோன பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டது. சந்திரகிரியோ மலையரண்.

சந்திரகிரிக் கோட்டையை யாதவராயர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமைத்தனர் என்பர். பின்னர் அது விசயநகர அரசின்கீழ் வந்தது. 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் அவ்வரசு பெருந்தோல்வி அடைந்தது. தலைநகர் முதலில் பெனுகொண்டாவுக்கும், 1592-ஆம் ஆண்டளவில் சந்திரகிரிக்கும் மாற்றப்பட்டது.

கோட்டைக்குள் இரண்டு மாளிகைகள் உள்ளன. மூன்று தளங்கள் உடையது இராசமகால். இரண்டு தளங்கள் உடையது இராணிமகால். கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் கட்டப்பட்ட இராசமகாலில் மரம் பயன்படுத்தப்படவில்லை. அதன் வளைவுகளில் இசுலாமியக் கட்டடக்கலையின் சாயலும், உச்சிக் கோபுரங்களில் கோயிற்கலையின் சாயலும் ஒருங்கே காணப்படுகின்றன. இன்று இராசமகால் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வாணிகத்திற்கு ஏற்ற இடத்தைத் தேடி வந்தனர். பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சாந்தோமில் போர்ச்சுகீசியரும் முன்பே ஊன்றியிருந்தனர். அவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட கரையில், 1639-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், பிரான்சிசு டே என்பவர் சிறு நிலப்பகுதியைப் பெற்றார். அதனை வழங்கியவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் விசயநகர அரசர் மூன்றாம் வேங்கடரின்கீழ் அதிகாரம் செலுத்தியவர். அந்த உரிமை சந்திரகிரி இராசமகாலில் உறுதி செய்யப்பட்டது என்று வழிவழியாகக் கூறுவர். அடுத்து வந்த மூன்றாம் சீரங்கரும் 1645-ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

அந்நிலத்தில் 1640-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டையே சென்னையிலுள்ள புனித சார்சு கோட்டை. அந்நாளில் கடல் அதன் மதிலுக்கு மிக அருகில் இருந்தது. துறைமுகம் இல்லாமையால் கப்பல்கள் தொலைவில் நிற்க, பொருள்கள் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. கோட்டையைச் சுற்றி நெசவாளரும் வணிகரும் குடியேறினர், ஊர் நகரமாயிற்று.

மலைக்கோட்டையின் நிலை என்ன? 1646-ஆம் ஆண்டில் கோல்கொண்டாப் படை சந்திரகிரியைக் கைப்பற்றியது. கடற்கோட்டை வளரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மலைக்கோட்டை தன் அரசை இழந்தது. செல்வமும் அதிகாரமும் மெல்ல மெல்லக் கடற்கரையை நோக்கி நகர்ந்தன. கடற்கோட்டைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து அதனைக் கைப்பற்றியது. 1749-ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அக்கோட்டையில் இயங்குகின்றன.

'சந்திரகிரி தெலுங்கருடையது, சென்னை தமிழருடையது' என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் 'சென்னை' என்னும் பெயரே வேங்கடப்பரின் தந்தையான சென்னப்ப நாயக்கர் பெயரால் அமைந்தது என்பர். சித்தூர்ப் பகுதியும் 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் உருவாகும்வரை சென்னை மாநிலத்திலேயே இருந்தது. எல்லைகள் மாறின, மக்கள் இரு மொழிகளையும் பேசி உடன் வாழ்ந்தனர். ஆகவே, வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் நாம் இவ்வூருக்கு அயலார் அல்லர். சந்திரகிரிக்குச் செல்லும்போது சுவர்களில் பெயர் கீறாமல், அவற்றின் வரலாற்றை அறிந்து போற்றுவோம்.

அருஞ்சொற்பொருள்
அரண் – பாதுகாப்பு, கோட்டை
சாந்து – கட்டடம் கட்டப் பயன்படும் கலவை
வழிவழியாக – தலைமுறை தலைமுறையாக
அயலார் – வேற்றூரார், பிறர்

பயிற்சி
1. நால்வகை அரண்கள் யாவை?
2. இராசமகாலின் கட்டடச் சிறப்புகளைக் கூறுக.
3. 1640, 1646 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு எழுதுக.
4. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.