விற்ற சீட்டும் வந்த கூட்டமும்: மிச்சிகன் – ஒகையோ காற்பந்துப் போட்டியை முன்வைத்துச் சில விளக்கங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் காற்பந்து ஆட்டங்களைப் பற்றிய செய்திகளில், ஆட்ட முடிவுக்கு அடுத்தபடியாக ஓர் எண் தவறாது இடம்பெறும். அதனைத் தமிழாக்குவோர் 'இத்தனை பேர் ஆட்டத்தைக் கண்டுகளித்தனர்' என எழுதிவிடுவர். அவ்வெண் உண்மையில் கண்டவர்களின் தொகையா, சீட்டு வாங்கியவர்களின் தொகையா என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஓர் அண்டை மாநிலப் பகையாட்டத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். (ஈண்டுக் காற்பந்து எனப்படுவது நம் நாட்டுத் திடல்களில் ஆடப்படுவது அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டமாகும். அதற்கு ஏன் அப்பெயர் வந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் நகரிலும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் கொலம்பஸ் நகரிலும் அமைந்துள்ளன. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இவ்விரு அணிகளும் முதன்முதலில் 1897-இல் மோதின. 1918 முதல் 2019 வரை ஓராண்டும் இடைவிடாது ஆடின. 1935 முதற்கொண்டு இவ்வாட்டம் பெரும்பாலும் பருவத்தின் இறுதி ஆட்டமாக, நவம்பர் மாதக் குளிரில், இரு நகரங்களிலும் மாறிமாறி நடைபெற்று வருகிறது.

இரு பல்கலைக்கழகங்களும் தத்தம் பேரரங்கைத் திறப்புவிழாச் செய்யத் தேர்ந்தெடுத்த எதிரணி ஒன்றையொன்றே என்பது கவனிக்கத்தக்கது. 1922-இல் கொலம்பஸ் அரங்கின் விழாவுக்கு 70,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1927-இல் ஆன் ஆர்பர் அரங்கின் விழாவில் 84,401 பேர் கூடினர். மிச்சிகன் அரங்கைக் கட்டுவதற்கு 500 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்கள் விற்கப்பட்டன; அவற்றை வாங்கியோர்க்கு வட்டியோடு பருவச் சீட்டு வாங்கும் உரிமையும் அளிக்கப்பட்டது. அதாவது, இருக்கை கட்டப்படுவதற்கு முன்பே அதில் அமரும் உரிமை விலைபோயிற்று. இன்றைய சீட்டு வாணிகத்தின் வித்து இதுவே எனலாம்.

விற்பனைக்கும் வருகைக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்பட்ட நாள் 1950 நவம்பர் 25 ஆகும். அன்று கொலம்பஸில் ஆட்டம். 82,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. ஆயின் கடும் பனிப்புயல் வீசிற்று. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை செல்சியசு. திடலின் கோடுகள் பனியில் மறைந்தன. இத்தனைக்கும் இடையே அரங்குக்கு வந்தோர் 50,503 பேர். இவ்வெண்ணை இருவகையாகப் படிக்கலாம். சீட்டு வாங்கியவர்களுள் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வரவில்லை என்பது ஒன்று. உயிருக்கே ஊறு நேரக்கூடிய புயலில் ஐம்பதாயிரம் பேர் வந்தமர்ந்தனர் என்பது மற்றொன்று. இப்பகையாட்டத்தின் ஈர்ப்பை அறிய விரும்புவோர்க்கு இரண்டாவதே பொருளுடையது என்பது என் கருத்து. வந்தவர்கள் கண்ட ஆட்டமோ விந்தையானது. முன்னேற வழியின்றி இரு அணிகளும் சேர்ந்து 45 முறை பந்தை உதைத்தே அனுப்பின. ஒரு கைவீச்சையேனும் நிறைவு செய்யாத மிச்சிகன், எதிரணியின் உதைகளைத் தடுத்துப் பெற்ற புள்ளிகளைக் கொண்டே 9–3 என வென்றது.

அடுத்து வந்த அச்சம் பனியன்று, தொலைக்காட்சி. வீட்டிலிருந்தே காண முடியுமாயின் எவர் பணம் கொடுத்து அரங்குக்கு வருவர் என்ற கவலையால், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1951 முதல் ஒளிபரப்பைக் கடுமையாக வரையறுத்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கும் மேலாக நீடித்த அக்கட்டுப்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், வணிகப் போட்டியைத் தடுப்பதாகக் கருதி, செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு பெருகிற்று. பழைய அச்சம் முற்றிலும் பொய்த்ததாகக் கூற இயலாது. 2010-களில் நாடு முழுவதும் சராசரி வருகை சரிந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாயிலில் உண்மையாக வருடப்பட்ட சீட்டுகள், அறிவிக்கப்பட்ட வருகையில் சராசரியாக 71 விழுக்காடு மட்டுமே. அறிவிப்பில் விற்ற சீட்டுகளும் இலவசச் சீட்டுகளும் அடங்குவதுண்டு. சில அரங்குகளில் ஊழியர், இசைக்குழுவினர், ஊடகத்தார் ஆகியோரும் தொகையில் சேர்க்கப்படுவர்.

மிச்சிகன் அரங்கு 1975 முதல் தன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 100,000-க்கு மேற்பட்டோர் வந்ததாக அறிவித்து வருகிறது. 2020-இல் பெருந்தொற்றால் அரங்கு மூடப்பட்ட ஆட்டங்கள் இக்கணக்கில் வாரா. இத்தொடர் பெருமைக்குரியதாயினும் அதுவே சுமையாகவும் ஆவதை 2014 காட்டிற்று. அவ்வாண்டு ஒகையோ ஆட்டம் கொலம்பஸில் அமைந்தது. உள்ளூர் ஆட்டங்களில் ஈர்ப்பு குறைவு. மாணவர் பருவச் சீட்டின் விலையோ 295 டாலர். மாணவர் விற்பனை பெருமளவில் சரிந்தது. இரண்டு குளிர்பானம் வாங்கினால் இரண்டு சீட்டு என்ற விளம்பரம் வெளிவந்து நகைப்புக்கும் சினத்துக்கும் இலக்காயிற்று. மாணவர்கள் பேரணி நடத்தினர். விளையாட்டுத்துறை இயக்குநர் டேவ் பிராண்டன் அக்டோபர் 31 அன்று பதவி விலகினார். அடுத்த ஆண்டுக்கான மாணவர் சீட்டின் விலை 175 டாலராகக் குறைக்கப்பட்டது. நூறாயிரம் என்ற தொடர் மட்டும் முறியவில்லை. தொகை நிலைத்து நிற்க, பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர்கள் விலகிச் சென்ற இந்நிலையை அவ்வெண்ணிலிருந்து ஒருவர் ஊகித்தறியவே இயலாது.

வரிச்சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. நல்ல இருக்கை பெறுவதற்கு முன்நிபந்தனையாக விளையாட்டுத்துறைக்கு வழங்கப்பட்ட நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு 1980-களின் இறுதியிலிருந்து வரிச்சலுகை இருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிற்று. அச்சலுகை நீடித்த காலத்தில் சீட்டு வாங்குவதற்கு ஆட்டத்தைக் காணும் ஆவல் ஒன்றே காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

தொகையைப் பெருக்கிக் காட்டும் தூண்டுதல் விதியிலேயே இருந்தது. உயர்நிலைப் பிரிவில் நீடிக்க ஓர் அணிக்குச் சராசரியாக 15,000 பேர் தேவை; ஆனால் அது உண்மை வருகையாகவும் இருக்கலாம், விற்பனைத் தொகையாகவும் இருக்கலாம். சிறிய பல்கலைக்கழகங்கள் சில, விளம்பர ஒப்பந்தப் பணத்தைக் கொண்டு தம் சீட்டுகளைத் தாமே வாங்கியதாகக் கணக்குக் காட்டின. 2023 அக்டோபரில் சங்கம் இவ்விதியையே கைவிட்டது.

தமிழில் 'வருகை' என்னும் சொல் வந்தவரை மட்டுமே குறிக்கும். பள்ளி வருகைப் பதிவேட்டில் வராத மாணவனுக்கு எவரும் குறியிடுவதில்லை. ஆகவே, மூலச்செய்தி தெளிவுபடுத்தாத இடங்களில் 'அறிவிக்கப்பட்ட வருகை' என்றும், விற்பனை எனத் தெரிந்த இடங்களில் 'விற்ற சீட்டு' என்றும் எழுதுவதே மொழிபெயர்ப்பாளருக்குப் பொருந்தும். 1950-ஆம் ஆண்டு ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் மட்டும் இரண்டு எண்களையும் அருகருகே தரலாம்.