வாடிக்கையாளர் நோட்டு யார் கையில்?
இ-மெயில் அனுப்பும் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு காலத்தில் கமிஷன் மண்டிகளிலிருந்து வெளியூர்க் கடைகளுக்கு மார்க்கெட் நிலவரம் தபால் கார்டில் போகும். துவரம் பருப்பு என்ன விலை, மிளகாய் வற்றல் என்ன விலை, வெல்லம் ஏற்றமா இறக்கமா என்று கணக்குப்பிள்ளை வரிசையாக எழுதி மாலைத் தபாலில் சேர்த்துவிடுவார். கார்டைப் பார்த்துத்தான் கடைக்காரர் சரக்குக்குச் சொல்லி அனுப்புவார். கார்டு போக வேண்டிய முகவரிகள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டு முதலாளியின் பெட்டியில், கல்லாச் சாவியோடு இருக்கும்.

இன்று அதே வேலையை இ-மெயில் செய்கிறது. பட்டனை அழுத்தினால் ஐந்நூறு பேருக்கு விலைப்பட்டியல் போய்ச் சேருகிறது. ஆனால் முகவரி நோட்டு நம் பெட்டியில் இல்லை. எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆகவே, எந்தச் சேவை மலிவு என்று கேட்பதற்கு முன்பே, நம் நோட்டு நம் கையில் இருக்குமா என்று கேட்டுக் கொள்வது அவசியமாகிறது.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்தது இது. பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். இருபது ஆண்டுகளில் சேர்த்த அறுநூறு சில்லரைக் கடைகளின் விவரத்தை இப்படியொரு சேவையில் ஏற்றி வைத்திருந்தார். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கடையில் வேலை பார்த்த இளைஞர். தன் சொந்த இ-மெயில் முகவரியிலேயே தொடங்கிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு கடைக்குப் போனார். கடவுச்சொல்லை மாற்ற முயன்றபோது, அதற்கான இணைப்பு பழைய பணியாளரின் முகவரிக்கே போயிற்று. சேவை நிறுவனமோ, கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டது. பழைய பில் புத்தகங்களைப் புரட்டிப் பட்டியலை மறுபடி எழுத அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் விலைப்பட்டியல் போகவில்லை. விலைப்பட்டியல் போகாத இடத்தில் ஆர்டரும் வரவில்லை.

யாருக்குப் பயன், யாருக்கு வேண்டாம்?

தெருமுனை மளிகைக் கடைக்கு இ-மெயில் சேவை தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரிசி, உப்பு, புளி வாங்க வருகிறவர் மெயில் பார்த்து வருவதில்லை. அவருக்கு வாட்ஸ்அப் போதும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஓர் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும்.

இ-மெயில் பயன்படும் இடங்கள் வேறு. ஓட்டல், மெஸ், விடுதி, கேட்டரிங் ஆகியவற்றுக்குச் சப்ளை செய்கிறவர்கள், வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள், மசாலா, நெய், பலகாரம் போன்றவற்றைக் கூரியரில் அனுப்புகிறவர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் ஆகியோருக்கு இது உகந்தது. விலைப்பட்டியல் ஒரு பதிவாக நிற்கும். கொள்முதல் மேலாளர் அதைத் தம் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பலாம். ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

சொந்த ஜிமெயில் போதாதா?

முப்பது, நாற்பது பேர் என்றால் போதும். அதற்கு மேல் மூன்று தொல்லைகள் உண்டு.

முதலாவது, சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. மீறினால் கணக்கே தற்காலிகமாக நிறுத்தப்படும். அன்றைய அவசரக் கடிதம்கூடப் போகாது.

இரண்டாவது, அவசரத்தில் எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரிந்துவிடும். பட்டியலில் போட்டிக் கடைக்காரர் ஒருவர் இருந்தால் போதும், நம் மொத்த நோட்டையும் நாமே அவரிடம் நீட்டியதாகிவிடும்.

மூன்றாவது, ஒரே கடிதம் பலருக்குப் போகும்போது அது குப்பை மெயில் பெட்டியில் விழும் வாய்ப்பு அதிகம். விழுந்தது நமக்குத் தெரியவும் தெரியாது.

இ-மெயில் சேவை நிறுவனங்கள் இந்த மூன்றுக்கும் வழி செய்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகின்றன. தவறான முகவரிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ‘இனி வேண்டாம்’ என்பவரைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கும் தருகின்றன. இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் போன்களின் மெயில் செயலியில் உள்ள ஒரு தனியுரிமை ஏற்பாட்டினால், திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். வந்த ஆர்டரை எண்ணுவதே வியாபாரிக்குச் சரியான கணக்கு.

கட்டணத்தில் உள்ள சூட்சுமம்

சில சேவைகள் பட்டியலில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்குகின்றன. சில, அனுப்பும் மெயில்களின் எண்ணிக்கைக்கு வாங்குகின்றன. அமெரிக்காவின் மெயில்சிம்ப் முகவரி எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பிரான்ஸின் பிரெவோ (2023 வரை சென்டின்புளூ என்ற பெயரில் இருந்தது) அனுப்பும் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ கேம்பெயின்ஸும் இந்த வகைச் சேவையே. விளக்கத்துக்காகத்தான் இப்பெயர்களைச் சொல்கிறோம்; எதையும் சிபாரிசு செய்யவில்லை.

இரண்டு கடைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மசாலாப் பொடி அனுப்பும் கடைக்கு 800 முகவரிகள். மாதம் இரண்டு முறை மெயில். மொத்தம் 1,600 மெயில்கள். மளிகைச் சப்ளை செய்யும் கடைக்கு 150 ஓட்டல் முகவரிகள்தான். ஆனால் மாதத்தில் 26 நாளும் விலைப்பட்டியல் போக வேண்டும். மொத்தம் 3,900 மெயில்கள். முதல் கடைக்கு மெயில் எண்ணிக்கைக் கட்டணம் லாபம். இரண்டாவது கடைக்கு முகவரி எண்ணிக்கைக் கட்டணம் லாபம். பக்கத்துக் கடைக்காரருக்கு மலிவாக இருப்பது நமக்கும் மலிவாக இருக்க வேண்டியதில்லை.

முகவரிக்குக் கட்டணம் வாங்கும் இடத்தில், ‘இனி வேண்டாம்’ என்று விலகியவர்களும் எண்ணிக்கையில் சேருவார்களா என்று கேட்க வேண்டும். மெயில்சிம்ப்பில் விலகியவர்களும் கணக்கில் சேருவார்கள். அவர்களைத் தனியே ஒதுக்கி வைத்தால்தான் எண்ணிக்கை குறையும். வராத வாடிக்கையாளருக்கும் வாடகை கட்டுவது போன்றது இது.

வெளிநாட்டுச் சேவைக்குக் கட்டணம் டாலரில் இருந்தால், மாற்று மதிப்பு ஏற ஏற நம் செலவும் ஏறும். வங்கிக் கார்டு கட்டணமும் சேரும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால், வரியை அவரே செலுத்தும் முறையில் கட்ட வேண்டியிருக்கும். சாதாரணப் பதிவில் இருப்பவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது முழுச் செலவு. சேருவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

இலவசம் என்றால்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த விஷயத்தில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மெயில்சிம்ப்பின் இலவசத் திட்டம் 2,000 முகவரி வரை என்றிருந்தது. 2023-ல் அது 500 ஆகக் குறைக்கப்பட்டது. 800 முகவரி வைத்திருந்தவர் ஒன்று பணம் கட்ட வேண்டும், அல்லது 300 பேரை நீக்க வேண்டும் என்றாயிற்று. பிரெவோவின் இலவசத் திட்டம் நாளொன்றுக்கு 300 மெயில் என்ற அளவில் இருந்து வருகிறது. 150 ஓட்டல்களுக்கு இது போதும். 800 பேருக்கு அனுப்ப மூன்று நாளாகும். முதல் நாள் விலை மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்து என்ன பயன்?

சேவையே மூடப்படுவதும் உண்டு. மெயில்சிம்ப் நிறுவனம் 2011-ல் வாங்கி நடத்திவந்த டைனிலெட்டர் என்ற எளிய சேவை 2024 பிப்ரவரி 29-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. பட்டியலை எடுத்து வைத்திருந்தவர்கள் வேறு இடம் போனார்கள்.

கடையின் சொந்தப் பெயர்

ஜிமெயில் முகவரியைப் போட்டு இந்தச் சேவைகள் வழியே அனுப்புவது இப்போது சரிப்படுவதில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கிவிட்டன. மூட்டையில் மண்டியின் முத்திரை இருந்தால்தான் சரக்கு நம்முடையது என்று தெரியும் அல்லவா? அதுபோல மெயிலுக்கும் முத்திரை வேண்டும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்பவையே அந்த முத்திரைகள். இவற்றைப் பொருத்தக் கடைக்கென்று ஒரு சொந்த இணையப் பெயர், அதாவது டொமைன் தேவை. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையப் பக்கம் செய்து கொடுக்கும் பையன் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கிவிடுகிறான். கடையின் பெயர்ப்பலகை இன்னொருவர் சொத்தாகிறது. டொமைனும் சரி, இ-மெயில் சேவைக் கணக்கும் சரி, முதலாளியின் பெயரில், முதலாளியின் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். பணியாளருக்கு அனுப்பும் உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்கும் வசதி பல சேவைகளில் உண்டு. அது எந்தத் திட்டத்தில் கிடைக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

அனுமதி பெற்ற முகவரி

பத்தாயிரம் முகவரி இத்தனை ரூபாய் என்று விற்கிறார்கள். வாங்க வேண்டாம். அறிமுகமில்லாதவர்கள் நம் மெயிலைக் குப்பை என்று குறித்துவிடுவார்கள். கூகுளின் விதிப்படி அப்படிக் குறிப்பவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். அந்த எல்லையைத் தாண்டினால் பழைய வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும் குப்பையில் விழும். சேவை நிறுவனமும் கணக்கை முடக்கிவிடக் கூடும்.

சட்டமும் இதே திசையில் போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி அனுமதி பெற வேண்டும், அனுமதி கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பில் போடும் இடத்தில் ஒரு சிறு தாள் வைத்து, ‘வாரந்தோறும் விலைப்பட்டியல் அனுப்பலாமா?’ என்று தமிழில் கேட்டு, முகவரியும் கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கொண்டால் போதும். அப்படிச் சேர்ந்த நூறு முகவரி, விலைக்கு வாங்கிய பத்தாயிரத்தைவிட மேலானது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. பட்டியலை முழுதாக, எக்செல்லில் திறக்கும்படி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ள முடியுமா? பணம் கட்டுவதை நிறுத்திய பிறகும் எடுக்கலாமா?

2. கட்டணம் முகவரிக்கா, மெயிலுக்கா? பட்டியல் இரண்டு மடங்கானால் என்ன ஆகும்?

3. பில் ரூபாயிலா, டாலரிலா? நம் ஜி.எஸ்.டி. எண் பில்லில் வருமா?

4. சொந்த டொமைனைப் பொருத்த உதவுவார்களா?

5. தமிழ் எழுத்து பெறுபவரின் போனில் சரியாகத் தெரிகிறதா? விலைப்பட்டியலைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே அடித்து, சாதாரண போன் ஒன்றில் சோதித்துப் பார்க்க வேண்டும். பல இடங்களில் படம் தானாகத் திறப்பதில்லை.

6. சிக்கல் என்றால் போனில் பேச ஆள் உண்டா? நம் கடை நேரத்தில் எடுப்பார்களா?

7. மாதக் கட்டணத்தில் சேரலாமா? முதல் நாளிலேயே ஓராண்டுப் பணம் கட்டச் சொன்னால் தள்ளுபடியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அகலக் கால் வைக்காமல், நன்கு பழகிய ஐம்பது வாடிக்கையாளர்களோடு இரண்டு மாதம் நடத்திப் பாருங்கள். மெயில் பார்த்து வந்த ஆர்டரைத் தனியே குறித்து வையுங்கள். ஆர்டர் வந்தால் தொடருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எந்தச் சேவையில் சேர்ந்தாலும், மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும் நாளன்று வாடிக்கையாளர் பட்டியலையும் இறக்கி, ஒரு பென் டிரைவில் ஒரு பிரதியும், அச்செடுத்து ஒரு பிரதியும் வைத்துக் கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். மேலே சொன்ன பருப்பு வியாபாரி இப்போது அப்படித்தான் செய்கிறார். அச்செடுத்த தாள்கள் அவர் பெட்டியில், கல்லாச் சாவியோடு இருக்கின்றன.