எலிக்கேக்கும் அப்பாரு மாத்திரையும்

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் தீவனக் குடோன் மூலையில் எலிக்கேக் வைத்திருப்பார்கள். புரோமாடியோலோன் கலந்தது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து விழும். அதே பண்ணைவீட்டு அப்பாரு, இருதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் ராத்திரியில் ஒரு அசிட்ரோம் போடுகிறார். ரத்தம் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வந்துவிடக் கூடாதே! கேக்கும் மாத்திரையும் செய்வது ஒரே வேலை: ஈரலில் வைட்டமின் கே-யை முடக்கி, ரத்தத்தை உறையவிடாமல் செய்வது.

இந்தச் சங்கதி மாட்டில் தொடங்கியது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள், கொம்பு அறுத்தால்கூட ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் ஒரு கேன் உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்கிடம் வந்து சேர்ந்தார். (நம்மூர் என்றால் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு வண்டி போயிருக்கும்.) அதிலிருந்து லிங்க் தொடங்கிய ஆராய்ச்சியில் கிடைத்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்து, 1954-ல் மனித மருந்து. மறுவருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். நம்மூர் அசிட்ரோம் அதற்குப் பங்காளி.

மாத்திரை அளவு சரியா என்று சொல்வது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், ஏறினால் கசியும். வைட்டமின் கே இருக்கும் கீரையே ஆகாது என்பார்கள், அப்படியில்லை. வாரமெல்லாம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் முருங்கைக்கீரையை அள்ளிப்போட்டால்தான் கணக்குக் கெடும்.

கீரையைவிட வில்லங்கம் முட்டிவலி என்பேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், வயிற்றில் புண்ணாக்கி மலத்தைக் கறுப்பாக்கும். இடுப்பில் போடும் வலி ஊசி, சதைக்குள் ரத்தக்கட்டை உண்டாக்கும். "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறனுங்க" என்று சொல்லிவிட்டால் டாக்டர் வேறு மருந்து பார்ப்பார். அசிட்ரோமுக்குப் பதிலாக வந்திருக்கும் புது மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை; ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், இருதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு உதவாது.

இந்த மாத்திரை போடுகிறவர் பாத்ரூமில் வழுக்கித் தலை இடித்தால் வெளியே காயமே இல்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பேச்சுக் குழறலாம், நடை தள்ளாடலாம். வயசாயிருச்சு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மண்டையோட்டுக்கு அடியில் தேங்கிய ரத்தம் சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், வடித்துவிட்டால் பலர் பழையபடி நடக்கிறார்கள். தலையில் அடிபட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு.