ஓடுகளத்திலிருந்து ரயில்வே பணிக்கு

புது தில்லி: 2025 ஜனவரி 31 அன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சிப் போட்டியில் ஆட வந்திருந்த விராட் கோலியைக் காண தில்லி மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. ஆறே ரன்களில் அவரை கிளீன் போல்டாக்கினார் ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான். டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர் என்று மறுநாள் நாளிதழ்கள் வியந்து எழுதின.

இதில் வியப்படைய ஏதுமில்லை. மகேந்திர சிங் தோனியும் 2001 முதல் சில ஆண்டுகள் கரக்பூரில் இதே வேலையைத்தான் பார்த்தார். பி.டி. உஷா தெற்கு ரயில்வே ஊழியராக இருந்தவர். 1928-இல் தொடங்கப்பட்ட ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம், கல்லூரிகளில் ஓடியும் குதித்தும் பெயரெடுத்த ஏழை, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் என்ற உறுதியைத் தந்துவருகிறது. போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் சிறப்பு விடுப்பு உண்டு. விளையாட்டை விட்ட பின்னரும் வேலை நிற்கும். அலுவலகத்திலோ ரயிலிலோ பணி ஓய்வு வரை தொடரலாம்.

ஆனால் வாசல் குறுகியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளியிலிருந்து விண்ணப்பிப்போர்க்கு வயது வரம்பு 18 முதல் 25. எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. நூறு மதிப்பெண்களில் விளையாட்டுச் சாதனைக்கு 50, களத்தேர்வுக்கு 40. பட்டப்படிப்பு உள்ளிட்ட கல்வித் தகுதிக்கு வெறும் 10. காயம் காரணமாக ஓரிரு பருவங்களை இழந்த பட்டதாரி வீரருக்கு வயது வரம்பும் காத்திருப்பதில்லை.

உள்ளே சென்ற பின்னரும் பதக்கத்தைப் பொறுத்தே கவனிப்பு. மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே, 2015-இல் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்தார். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றதும், சிறப்புப் பணி அதிகாரி என்ற பதவி உயர்வு உடனே அறிவிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் எங்கே இருந்தது இந்த வேகம்?

அரசு வேலைக்கு இன்னொரு விலையும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி ரயில்வே ஊழியர் அரசியல் கட்சியில் சேர இயலாது. பாலியல் துன்புறுத்தல் புகாரில் நடவடிக்கை கோரி 2023-இல் ஜந்தர் மந்தரில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், வீரர் பஜ்ரங் பூனியா மூவரும் ரயில்வே ஊழியர்களே. அந்த ஆண்டு ஜூனில் அவர்கள் பணிக்குத் திரும்பியபோது, போராட்டத்தைக் கைவிட்டுவிட்டதாகச் செய்தி பரவியது. அதை அவர்கள் மறுக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் வினேஷும் பஜ்ரங்கும் வேலையைத் துறந்து காங்கிரஸில் இணைந்தனர். அக்டோபரில் ஹரியாணாவின் ஜூலானா தொகுதியில் வினேஷ் வென்றார். தேர்தலில் தோற்றிருந்தால் அவர் கைவிட்டுவந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

போக்குவரத்துத் துறையில் விளையாட்டு வீரர்களை ஆதரித்த மற்றொரு பொதுத்துறை நிறுவனம் ஏர் இந்தியா. ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை அங்கே பணியாற்றியவர். 2022 ஜனவரியில் அது டாடா குழுமத்தின் கைக்குச் சென்றது. இன்று பல்கலைக்கழகப் பதக்கத்தோடு அரசு வேலை தேடும் மாணவர், முதலில் தேடிப் பார்ப்பது ரயில்வே மண்டலங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பைத்தான்.