முதலில் எதைக் கற்பிப்பது?
வீட்டுக்கல்விக்கு நூல் தேரும் பெற்றோர்க்கு

பிள்ளைகளை முழுமையாகவோ, தொடக்க ஆண்டுகளில் மட்டுமோ, வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க முனையும் பெற்றோர் முதலில் கேட்கும் வினா, 'எந்தப் பாடத்திட்டத்தை வாங்கலாம்?' என்பதே. நூல் தொகுதிகள், ஒலிப்பேழைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கைப்பேசிச் செயலிகள், பயிற்சி அட்டைகள் எனச் சந்தையில் எதற்கும் குறைவில்லை. ஆனால் நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளையைப் பொறுத்தவரை எந்த நூல் என்பது இரண்டாவது வினாதான். எது முன்னர், எது பின்னர் என்பதே முதல் வினா. இஸ்லாமிய அறிவுலகில் இவ்வினா ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே காரசாரமாக விவாதிக்கப்பட்டுள்ளது.

1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இப்னு கல்தூன், சிறார் கல்வி ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததை விவரிக்கிறார். மக்ரிப் மக்கள் குர்ஆனையும் அதன் எழுத்து முறையையும் மட்டுமே கற்பித்தனர். அதில் தேர்ச்சி பெறும்வரை வேறெதையும் கலக்கவில்லை. அந்தலுஸ் மக்கள் குர்ஆனை அடிப்படையாகக் கொண்டபோதிலும் கவிதை, உரைநடை, இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் உடன் சேர்த்தனர். இஃப்ரீகிய்யாவினர் குர்ஆனுடன் ஹதீஸையும் இணைத்தனர். விளைவுகளையும் அவர் மறைக்கவில்லை. மக்ரிபின் பிள்ளைகள் மொழித்திறனில் பின்தங்கினர். அந்தலுஸின் பிள்ளைகள் மொழியில் சிறந்து, பிற கலைகளில் குறைந்தனர்.

இதன் தொடர்ச்சியாக, செவில் நகரக் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (மறைவு 1148) முன்வைத்த மாற்றுத் திட்டத்தை அவர் எடுத்துரைக்கிறார். முதலில் மொழியும் கவிதையும், அடுத்து கணக்கு, அதன்பின் குர்ஆன் என்பது காழியின் வரிசை. புரியாத ஒன்றைப் பிள்ளையை ஓதவைப்பதை அவர் ஏற்கவில்லை. மொழி கைவந்த பிள்ளைக்கு வேதம் எளிதாகும் என்பது அவர் வாதம். திட்டம் நல்லதே என்று ஒப்புக்கொள்ளும் இப்னு கல்தூன், வழக்கம் அதற்கு இடந்தராது என்கிறார். பிள்ளை தந்தையின் கட்டுப்பாட்டில் இருப்பது சில ஆண்டுகளே. வாலிபம் வந்தபின் அவன் கல்வியை விட்டு விலகினால் குர்ஆனும் இன்றிப் போய்விடுவான் என்பது அக்காலப் பெற்றோரின் அச்சம். ஆயினும், பிள்ளை தொடர்ந்து கற்பான் என்ற உறுதி இருக்குமாயின் காழியின் வழியே மிகச் சிறந்தது என்றும் அவர் கூறியிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோரிடம் பெரும்பாலும் இருப்பது அந்த உறுதிதானே!

ஆனால் 'மொழி முதலில்' என்பதை நாம் எவ்வாறு பொருள்கொள்வது? அந்தலுஸின் பிள்ளைக்கு அது அரபி. தமிழ் பேசும் இல்லத்துப் பிள்ளைக்கு அது தமிழாகவே இருக்க முடியும். பொருள் விளங்கி வாசிப்பது என்றால் என்ன என்பதைப் பிள்ளை ஒரு மொழியில் முதலில் உணர வேண்டும். நடைமுறையிலோ தமிழ், ஆங்கிலம், அரபி என மூன்று எழுத்துகள் ஒரே ஆண்டில் சுமத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று வலமிருந்து இடமாகச் செல்வது. இரண்டு கலைகளை ஒரே நேரத்தில் கற்பிப்பதைக் காழி தடுத்தார். கூர்மதியும் ஊக்கமும் உள்ள மாணவனுக்கு மட்டுமே விலக்கு அளித்தார். என் கருத்தில், சிறு சூராக்களைச் செவிவழியாக மனனம் செய்வது எந்த வயதிலும் நடக்கட்டும். எழுத்தறிவு மட்டும் தமிழில் தொடங்கட்டும். பிள்ளை ஒரு சிறு கதையைத் தானே வாசிக்கும் நிலை வந்தபின் காயிதாவைத் திறப்பதே பொருத்தம்.

இதனால் காலம் வீணாகாது. தமிழ் கற்ற பிள்ளை மெய்யெழுத்தின் மேல் உயிர்க்குறி ஏறும் என்பதை முன்பே அறிந்திருக்கும். 'கி', 'கு' என்று வாசித்தவனுக்கு ஜேரும் பேஷும் புதியவை அல்ல. 'க்' மீதுள்ள புள்ளியைப் போன்றதே சுகூன் என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வான். 'க' என்பதில் அகரம் தானே உறைந்திருக்க, அரபியில் அதற்கும் ஜபர் என்ற தனிக்குறி தேவை என்பது மட்டுமே அவனுக்குப் புதிது. நம் முன்னோர் இவ்விரு உலகங்களையும் அரபுத்தமிழில் இணைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'பத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள், குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள், குறிப்பாக வீட்டிலிருந்த பெண்கள், அதே எழுத்தில் தம் தாய்மொழியில் மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வழிசெய்தன. எழுத்துக் கூட்ட மட்டும் தெரிந்து பொருள் தெரியாமல் நிற்கும் அவலத்துக்கு அது ஒரு விடையாக இருந்தது.

காயிதாவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பழைய பஃதாதி காயிதாவிலும் நூரானி காயிதாவிலும் பிள்ளை எழுத்தின் பெயரையும் குறியின் பெயரையும் சொல்லிக் கூட்டி ஓதுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அஸ்அத் ஹுமாம் உருவாக்கிய ஆறு பகுதிகளைக் கொண்ட 'இக்ரா' முறையில் எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியை நேரடியாக வாசிக்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இதை நன்கறிவர். பின்னது விரைவானது, முன்னது மக்ரஜில் ஆசிரியர் நின்று திருத்த அதிக வாய்ப்புத் தருவது. திருத்தமாக ஓதத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் எம்முறையும் நன்றே; இல்லையெனில் எந்த நூலும் அக்குறையை நிரப்பாது. உஸ்தாதை நாடுவதே வழி.

பலரும் கவனிக்கத் தவறுவது அச்சு முறையை. இந்தியப் பதிப்புகளில் 'ஃபீ' என்ற சொல்லின் யாவின் மேல் ஜஸ்ம் இருக்கும். மதீனாப் பதிப்பில் அந்த யா குறியின்றி வெறுமையாக நிற்கும். சுகூனின் வடிவமும் இரண்டிலும் வேறு. இந்தியக் காயிதாவில் பழகிய பிள்ளையின் கையில் ஹஜ்ஜிலிருந்து வந்த மதீனா முஸ்ஹஃபைக் கொடுத்தால் அது தடுமாறும். பிள்ளைக்கு ஓதவரவில்லை என்று பெற்றோர் கவலைகொள்வர். காயிதாவும் முஸ்ஹஃபும் ஒரே அச்சு முறையில் அமைந்திருந்தால் இச்சிக்கலே எழாது.

பிற பாடங்களுக்கு வெளிநாட்டுத் தொகுதிகளைத் தேடுவோர் உண்டு. சிகாகோவில் 1983இல் தொடங்கப்பட்ட இக்ரா அறக்கட்டளையின் நூல்கள் ஒழுங்காக வகைப்படுத்தப்பட்டவைதாம். எனினும் அவை அமெரிக்காவில் வாழும் பிள்ளையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் பிள்ளைக்குத் தமிழ்நாட்டரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைத் துளிகா பதிப்பகத்தின் படக்கதைகளும், நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும், பிரதம் புக்ஸ் 2015இல் திறந்துவிட்ட 'ஸ்டோரிவீவர்' தளத்தின் தமிழ்க் கதைகளும் உள்ளன. கணக்குக்குப் புளியங்கொட்டையும் அளவுகோலும் போதும். பொதுத்தேர்வைப் பற்றி இவ்வயதில் அஞ்ச வேண்டியதில்லை. பதினான்கு வயது நிரம்பியோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதலாம்.

எல்லா நூல்களையும் தேர்ந்த பின்னும் ஒரு குறை எஞ்சும். ஆசிரியரும் ஒற்றை மாணவனும் மட்டும் தனித்திருப்பது இருவருக்குமே சலிப்பூட்டும் என்றும், பிள்ளை பிள்ளையிடமிருந்தே விரைவாகக் கற்கும் என்றும் இப்னு சீனா (மறைவு 1037) எழுதினார். பாடம் முடிந்தபின் பிள்ளையை விளையாட விடவேண்டும், தடுத்தால் அதன் உள்ளம் மடியும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் எச்சரிக்கை. பக்கத்துத் தெருக்களிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, வாரத்தில் சில நாட்கள் ஒரு வீட்டில் கதை வாசிப்பு, மறுவீட்டில் கணக்கு, அஸருக்குப் பின் திடல் என்று பகிர்ந்துகொண்டால் நூற்செலவும் மூன்றில் ஒன்றாகும். தாய்மார்க்கும் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும்.