சுண்ணாம்புக்கு மசியாத தோல்

ஆம்பூர்த் தோல்ஷாப் ஒன்றில் சுறாத்தோலைக் கொண்டுவந்து இறக்கினால், ஆட்டுத்தோலுக்குச் செய்கிற முதல் வேலையே அதனிடம் பலிக்காது. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊறவைத்தால் ஆட்டின் மயிர் கழன்று வந்துவிடும். மயிர் என்பது கெரட்டின். அந்தக் கலவை அதை அரித்துவிடும். சுறாத்தோலின் மேல் இருப்பதோ மயிரும் அல்ல, சாளைக்கும் கெண்டைக்கும் இருப்பது போன்ற செதிலும் அல்ல. பல். உள்ளே கூழறை, சுற்றிலும் டென்டின், மேலே எனாமல் மாதிரி கெட்டிப் பூச்சு என்று நம் வாயில் உள்ள அதே கட்டுமானம்தான். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில், முனை வாலைப் பார்த்தபடி உடம்பு முழுக்க நெருக்கமாக முளைத்திருக்கும். தலையிலிருந்து வால்பக்கம் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். மரத்தை வழவழப்பாக்கத் தச்சர்கள் இதைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள்.

பல்லைக் கரைக்க அமிலம் வேண்டும். 1920களில் அமெரிக்காவின் ஓஷன் லெதர் நிறுவனம் உப்புக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து இந்தப் பற்களை நீக்கியது. உப்பு எதற்கு என்று ஆம்பூரில் விளக்க வேண்டியதில்லை. பிக்கிள் போடும்போது டிரம்மில் முதலில் உப்பு, பிறகுதான் அமிலம். இல்லாவிட்டால் தோல் உப்பிப் பாழாகிவிடும். அப்படித் தேறிய சுறாத்தோல் குழந்தைகளின் ஷூ முனைக்குப் போயிற்று, தரையில் எவ்வளவு தேய்த்தாலும் கீறல் விழாது என்பதால்.

தோல்காரர்கள் மேல்பக்கத்தோடு மல்லுக்கட்டினார்கள் என்றால், ஆராய்ச்சியாளர்கள் அதற்கு அடியிலும் பார்த்தார்கள். அங்கே கொலாஜன் நார்கள் இடமும் வலமுமாகக் குறுக்கே பின்னி உடம்பைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1978இல் ஸ்டீபன் வெயின்ரைட்டும் அவருடைய குழுவினரும் நீந்தும் சுறாவின் தோலுக்கடியில் அழுத்தத்தை அளந்தார்கள். வேகம் கூடக் கூட அழுத்தம் பல மடங்கு ஏறியது, தோல் விறைத்தது. அதாவது தோல் வெறும் போர்வை அல்ல, தசையின் இழுவையை வால்வரை கொண்டுசேர்க்கும் தசைநாண்.

மேலே உள்ள பற்களின் வேலையை 2012இல் ஹார்வர்டில் யோஹன்னஸ் ஓஃப்னரும் ஜார்ஜ் லாடரும் சோதித்தார்கள். அசல் சுறாத்தோலை மடித்து ஒட்டி, மீன் போல நெளியும் இயந்திரத்தில் பொருத்தி நீந்தவிட்டார்கள். அடுத்து அதே தோலின் பற்களைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி நீந்தவிட்டார்கள். பல்லோடு இருந்தபோது சராசரியாக 12.3 சதவீதம் கூடுதல் வேகம். தோல் நெளிந்தால்தான் இந்த ஆதாயம், விறைப்பாகப் பிடித்தால் இல்லை. சுறாத்தோலைப் பார்த்துச் செய்ததாக விளம்பரப்படுத்தப்பட்ட நீச்சல் உடைத் துணியையும் சோதித்தார்கள். அதன் மேற்பரப்பால் பயன் ஏதும் தென்படவில்லை.

தோலை வைத்தே ஆணா பெண்ணா என்றும் சொல்லலாம். நீலச்சுறாவில் பெண்ணின் தோல் ஆணின் தோலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன். இணைசேரும்போது ஆண் கடித்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

இனி ஆம்பூருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்குக்கு வருவோம். தோலுக்காக யாரும் ஆட்டை வெட்டுவதில்லை. பிரியாணிக்கு வெட்டுகிறார்கள், தோல் தானாக மண்டிக்கு வருகிறது. தோல் ஏற்றுமதி நாளைக்கே நின்றாலும் ஓர் ஆடுகூடப் பிழைக்காது. சுறா விஷயத்தில் நம் நாட்டுச் சட்டங்கள் இந்தக் கணக்கை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் வழக்கத்தைத் தடுக்க, சுறாவை முழுதாகவே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவிட்டது. 2015இல் எல்லா வகைச் சுறாத் துடுப்பின் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்களை இது நேரடியாகத் தாக்கியது. ஆழ்கடலில் ஆயிரம் பேர் போகலாம், சுறாவைத் தேடியே வாரக்கணக்கில் தங்கி, நீண்ட தூண்டில் கயிறு விட்டுப் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள் சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள். பிடித்ததைப் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் இறக்குவார்கள். அவர்களுக்குத் துடுப்பு விலை ஒரு பெரிய வரவாக இருந்தது.

ஆனால் இந்தியக் கரைக்கு வரும் சுறாவில் பெரும்பகுதி இப்படித் தேடிப் பிடித்தது அல்ல. இழுவலையிலும் செவுள்வலையிலும் மற்ற மீனோடு சேர்ந்து மாட்டுவது. வந்தது வீணாவதும் இல்லை, கறி விற்றுவிடும். திவ்யா கர்னாட், திபானி சுதாரியா, ரீமா ஜபாடோ மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: துடுப்பு வணிகத்தைவிட உள்நாட்டுக் கறிச் சந்தைதான், அதிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்த சின்னச் சுறாவுக்கான கிராக்கிதான், இங்கே சுறாவை விலைபோக வைக்கிறது.

நமக்கு இது புதுச்செய்தியா என்ன? பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டு இல்லாமல் முடியுமா? மஞ்சள் நீரில் வேகவைத்து, நரநரவென்ற தோலைச் சுரண்டி எடுத்து, சதையைப் பிழிந்து உதிர்க்கிற பக்குவத்துக்கும் விஞ்ஞானம் உண்டு. கடலின் உப்பைச் சமாளிக்கச் சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும். பழைய சுறாவில் மூக்கைத் துளைக்கிற நெடி அதுதான்.

கறிக்காக என்றால் சுறாவும் ஆட்டைப் போலப் பெருகிக்கொண்டே இருக்காதா? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. வெள்ளாடு ஐந்து மாதத்தில் ஈனும், பெரும்பாலும் இரட்டைக்குட்டி. உருவில் சின்னதான பால்சுறாவின் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம், ஈனுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டி. மீன் என்ற பெயரில் திரிந்தாலும் பல சுறாக்கள் நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியுமாகக் கருவை வளர்ப்பவை. பெரிய இனங்கள் பருவத்துக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உலகக் கடல்களில் 1970க்குப் பிறகு திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்துவிட்டதாக 2021இல் நேச்சர் இதழில் வந்த கணக்கீட்டுக்குப் பின்னால் இந்த மெதுவான பிள்ளைப்பேறும் இருக்கிறது.

துடுப்புத் தடைக்கு முன்பே இன்னொரு சட்டமும் சுறாவைத் தொட்டிருந்தது. 2001 டிசம்பரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சுறா, திருக்கை இனங்கள் பத்தைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறாக்களையும் சேர்த்துவிட்டு, மீனவர்கள் கொதித்தெழுந்ததும் பத்தாகக் குறைத்த கதை அது. திமிங்கலச் சுறாவும், பட்டினப்பாலையின் பரதவர் கொம்பை நட்டு வணங்கிய வேளா என்னும் ரம்ப மீனின் இனங்களும் அதில் உண்டு. புதுச்சேரியின் பெயரையே சுமக்கும் ஒரு சுறாவும் உண்டு. 1839இல் ஜெர்மானியர்கள் முல்லரும் ஹென்லேயும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இந்தச் சின்னச் சுறாவின் மாதிரிகள் உலக அருங்காட்சியகங்களில் ஏறக்குறைய இருபதுதான்.

பட்டியலில் உள்ளதை வலையில் அடையாளம் காண்பது யார் பொறுப்பு? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இறங்குதுறைகளில் அளவெடுத்து, இனம் பிரித்து, முதுகெலும்புத் துண்டின் வளையங்களை எண்ணி வயது பார்க்கிறார்கள். ஐஸ் பெட்டியில் இரண்டரை அடிச் சுறா இரண்டு அருகருகே கிடந்தால், ஒன்று குட்டி போடும் பருவத்துப் பால்சுறாவாக இருக்கலாம், மற்றது பெரிய இனமொன்றின் பச்சிளங்குட்டியாக இருக்கலாம். பல கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விலை. பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு, வாங்குகிறவரும் பார்க்கலாம். வயிற்றைப் புரட்டி, முன்துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே தொப்புள் தழும்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தழும்பு திறந்தோ ஆறாமலோ இருந்தால் அது பிறந்து சில நாட்களோ வாரங்களோ ஆன குட்டி.