எல்லாரும் விலகும் இடத்தில் நின்றவர்!

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே இருக்கிறது நெமிலிச்சேரி. சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் போய் இறங்கலாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து விட்டால், காலியாக ஒரு இடம் கிடைத்தால் போதும். பையன்கள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடத் தொடங்கி விடுவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான்; நெமிலிச்சேரியும் அதற்கு விலக்கல்ல.

"மட்டை எனக்கு!" என்பான் ஒருவன். "பந்து எனக்கு!" என்பான் மற்றொருவன். பந்து பொறுக்க மட்டும் யாரும் போட்டி போடுவதில்லை. அந்த வேலை கடைசியில் சின்னப் பையன் தலையில்தான் விழும்.

அதிலும், மட்டை பிடிப்பவனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? "ஐயோ, மூஞ்சியில் பட்டு விடும்!" என்று அந்தச் சின்னப் பையனும் பத்தடி தள்ளிப் போய் விடுவான்.

அப்படி எல்லாரும் விலகும் இடத்திலேயே நின்று, உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் நாட்டில் இருந்தார். தலையில் ஹெல்மெட் கிடையாது. கையில் உறை கிடையாது. காலில் காப்பும் கிடையாது. வெறுங்கையே அவருக்கு ஆயுதம்!

அவர்தான் ஏக்நாத் சோல்கர்!

மைதானமே வீடு

1948ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி பம்பாயில் பிறந்தார் சோல்கர். இப்போது அந்த நகரத்தை மும்பை என்கிறோம்.

அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. கடற்கரை ஓரமாக இந்து ஜிம்கானா என்ற சங்கத்தின் விளையாட்டு மைதானம் இருக்கிறது. அந்த மைதானத்தைப் பராமரிக்கும் வேலை அவருடைய தந்தைக்கு. புல் வெட்டுவது, தண்ணீர் தெளிப்பது, தரையைச் சமன் செய்வது, இவைதான் அவர் தொழில்.

மைதானத்தின் ஓரத்திலேயே ஓர் அறை கொண்ட குடிசை. அதில்தான் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது.

பெரிய ஆட்டக்காரர்கள் வந்து ஆடும்போது, சிறுவன் சோல்கர் ரன் பலகையில் எண்களை மாற்றி மாட்டுவான். யார் எத்தனை ரன் எடுத்தார்கள், எத்தனை விக்கெட் விழுந்தது என்பதை ஊருக்குக் காட்டும் வேலை அது. எண்கள் எல்லாம் பிறருடையவை. மாட்டும் கை மட்டும் சோல்கருடையது.

அந்தக் கைதான் பிற்காலத்தில் பலகையின் எண்களையே மாற்றி அமைத்தது!

பள்ளியில் படிக்கும்போதே அவர் ஆட்டத்தில் சூரர். இந்தியப் பள்ளி மாணவர் அணிக்குத் தலைவராகவும் இருந்தார். இடக்கையால் மட்டை பிடிப்பார். இடக்கையால் பந்து வீசுவார். வேகமாகவும் வீசுவார், மெதுவாகச் சுழற்றியும் வீசுவார். "ஏழையின் சோபர்ஸ்" என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. எல்லா வித்தையும் தெரிந்த மேற்கிந்தியத் தீவு வீரர் சோபர்ஸை மனத்தில் வைத்துக் கொடுத்த பெயர் அது.

துக்கத்திலும் கடமை

1968-69ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். பம்பாய் அணியும் வங்காள அணியும் மோதின. சோல்கர் பம்பாய்க்காக ஆடினார்.

ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் அவர் தந்தை காலமானார்.

சோல்கர் தந்தையின் ஈமக்கடனைச் செய்தார். பிறகு மைதானத்துக்குத் திரும்பி வந்தார். துக்கத்தை நெஞ்சில் அடக்கிக் கொண்டு மட்டை பிடித்தார். கோப்பை பம்பாய்க்கே கிடைத்தது.

வாழ்நாளெல்லாம் மைதானத்துக்கு உழைத்தவர் அந்தத் தந்தை. மகன் அவருக்குச் செலுத்திய அஞ்சலியும் மைதானத்திலேயே நடந்தது!

அதே 1969ஆம் ஆண்டு அக்டோபரில் சோல்கர் இந்திய அணியில் இடம் பெற்றார். ஐதராபாத்தில் நியூசிலாந்தை எதிர்த்து முதல் டெஸ்ட் ஆடினார்.

அந்த இடம் எது?

அவர் நின்ற இடத்துக்கு "ஃபார்வர்டு ஷார்ட் லெக்" என்று பெயர். பெயர் நீளம், தூரமோ மிகக் குறைவு. பாட்ஸ்மேனின் கால் பக்கமாக, அவருக்குச் சற்று முன்னே நிற்க வேண்டும். இருவருக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம் இருந்தால் அதிகம்.

அங்கே ஏன் ஒருவர் நிற்க வேண்டும்? காரணம் இருக்கிறது.

சுழற்பந்து தரையில் பட்டதும் திரும்பும். அதைத் தடுக்கப் பாட்ஸ்மேன் காலையும் மட்டையையும் ஒன்றாக முன்னே நீட்டுவார். பந்து மட்டையின் ஓரத்தில் உரசும். காலில் கட்டிய காப்பில் பட்டு மெல்ல மேலே எழும்பும். அங்கே ஆள் இல்லை என்றால் பந்து தரையில் விழுந்து விடும். பாட்ஸ்மேன் பிழைத்தார்! ஆள் இருந்து பிடித்து விட்டால் அவர் அவுட்!

ஆனால் அங்கே நிற்பவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பாட்ஸ்மேன் தடுக்காமல் ஓங்கி அடித்து விட்டால்? கல் போன்ற பந்து நேரே முகத்துக்கு வரும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது.

இது வெறும் பயம் அல்ல. இந்திய அணிக்கு ஆடிய ராமன் லாம்பா, 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் நடந்த ஆட்டத்தில் இதே இடத்தில் நின்றார். ஹெல்மெட் அணியவில்லை. பந்து தலையில் பட்டது. மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 38தான்.

சோல்கர் ஆடிய காலத்தில் ஹெல்மெட்டே பழக்கத்துக்கு வரவில்லை. 1970களின் இறுதியில்தான் அது வந்தது. ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பிக் கொள்ள மாட்டார். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பார். இரண்டு உள்ளங்கைகளும் கிண்ணம் போல் விரிந்திருக்கும். பார்வை பந்தின் மேலேயே இருக்கும்.

ஓவல் மைதானத்தில் ஒரு நாள்

1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். லண்டன் நகரில் ஓவல் மைதானம். இந்தியாவும் இங்கிலாந்தும் மூன்றாவது டெஸ்ட் ஆடின. முதல் இரண்டு டெஸ்டுகளிலும் வெற்றி தோல்வி இல்லை.

இந்தியா 1932ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து சென்று டெஸ்ட் ஆடி வந்தது. 39 ஆண்டுகளில் அந்த மண்ணில் ஒரு டெஸ்டில்கூட வென்றதில்லை!

இந்தத் தடவையும் நிலைமை நன்றாக இல்லை. முதலில் ஆடிய இங்கிலாந்து 355 ரன் எடுத்தது. இந்தியா 284 ரன்தான் எடுத்தது. 71 ரன் பின்தங்கி விட்டது.

இங்கிலாந்து மறுபடி ஆட வந்தது. பெங்களூர்க்காரர் சந்திரசேகர் சுழற்பந்து வீசினார். பிளெட்சர் உள்ளே வந்தார். வந்ததும் சோல்கர் கையில் கேட்ச்! ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

பின்னர் வந்தார் ஆலன் நாட். முதல் தடவை 90 ரன் குவித்தவர் அவர். அவர் நிலைத்து விட்டால் இந்தியாவின் கதை முடிந்து விடும்.

அவருக்குப் பந்து வீசியவர் யார் தெரியுமா? நம் சென்னையில் பிறந்த வெங்கட்ராகவன்தான்! நாட் மட்டையை முன்னே நீட்டினார். பந்து மட்டையில் பட்டு மெல்ல எழும்பித் தரையை நோக்கி இறங்கியது.

சோல்கர் முன்னே பாய்ந்தார். நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். புல்லைத் தொடும் முன் பந்து அவர் கையில்! நாட் எடுத்தது ஒரே ரன்.

அதற்குப் பிறகு இங்கிலாந்து எழுந்திருக்கவில்லை. 101 ரன்னில் எல்லாரும் அவுட். சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார். ஆகஸ்டு 24ஆம் தேதி, 4 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது! அஜித் வாடேகர் தலைமையில் ஆடிய அணி, தொடரையும் கைப்பற்றியது.

நாடே சந்திரசேகரைக் கொண்டாடியது. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அதே டெஸ்டில் சோல்கர் முதல் ஆட்டத்தில் 3 விக்கெட் எடுத்தார். 44 ரன் அடித்தார். பிறகு அந்த இரண்டு கேட்சுகள். இத்தனையும் ஒரே மனிதரின் உழைப்பு!

நால்வருக்கும் ஒரு காவலன்

அந்தக் காலத்தில் இந்தியாவிடம் அதிவேகப் பந்து வீச்சாளர்கள் இல்லை. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நான்கு சுழற்பந்து வீரர்களே நம் படை. டெஸ்ட் ஆட்டங்களில் நால்வரும் சேர்ந்து எடுத்த விக்கெட்டுகள் 853!

வேகப்பந்து வீச்சாளர் ஸ்டம்பைப் பெயர்த்தும் விக்கெட் எடுக்கலாம். சுழற்பந்து வீச்சாளருக்குப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்களின் கைதான் துணை. அவர் ஏமாற்றிய பந்தைப் பிடிக்க ஒருவர் வேண்டும். பிடிப்பார் இல்லை என்றால் வித்தையெல்லாம் வீண்.

சோல்கர் நின்றதில் மற்றொரு லாபமும் உண்டு. அவரைக் கண்டாலே பாட்ஸ்மேனுக்குக் கலக்கம். தைரியமாக மட்டையை நீட்ட முடியாது. தயங்குவார், தயங்கினால் தவறு செய்வார். பந்து சோல்கரிடம் வராமலே ஒரு விக்கெட் விழும். அது எந்தக் கணக்கிலும் வராது.

1971ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவில், போர்ட் ஆப் ஸ்பெயின் நகரில் நடந்த டெஸ்டில் அவர் 6 கேட்ச் பிடித்தார். மேற்கிந்தியத் தீவு அணியை இந்தியா முதன்முதலாகத் தோற்கடித்த டெஸ்ட் அது.

1972-73ஆம் ஆண்டு இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. ஐந்து டெஸ்டுகளில் 12 கேட்ச் பிடித்தார் சோல்கர். அந்தத் தொடரில் 1973 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் இந்தியா 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தொடரும் 2-1 என்ற கணக்கில் நமக்கே கிடைத்தது.

பம்பாயில் வாங்கடே மைதானம் கட்டி முடித்ததும், 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. மேற்கிந்தியத் தீவை எதிர்த்து சோல்கர் 102 ரன் அடித்தார். டெஸ்டில் அவர் அடித்த ஒரே சதம் அது. மைதானத் தொழிலாளியின் மகன், தன் ஊரின் புது மைதானத்தில் சதம் அடித்தார்!

அமெரிக்காவில் ஒரு தங்கக் கை

சோல்கரைப் போலப் பந்தைத் தடுத்தே பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்டங்களிலும் உண்டு.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். உருட்டுக்கட்டை போன்ற மட்டையால் பந்தை அடித்து விட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓட வேண்டும். அதில் இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவே நிற்பவருக்கு "ஷார்ட் ஸ்டாப்" என்று பெயர். தரையோடு சீறி வரும் பந்துகளில் பல அவர் பக்கம்தான் வரும். பாய்ந்து தடுத்து, முதல் மூலைக்கு எறிய வேண்டும்.

அந்த இடத்தில் புகழ் பெற்றவர் ஆஸி ஸ்மித். ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டுவார். மக்கள் ஆரவாரம் செய்வார்கள். 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் "தங்கக் கையுறை" என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. பந்து தடுப்பதில் சிறந்தவருக்கென்றே ஆண்டுதோறும் தரும் பரிசு அது. 2002ஆம் ஆண்டு பேஸ்பால் மாவீரர்கள் வரிசையிலும் அவர் பெயர் சேர்ந்தது.

ஆஸி ஸ்மித்துக்குக் கையில் பெரிய தோல் உறை இருந்தது. சோல்கருக்கு அதுவும் இல்லை! தங்கக் கையுறைப் பரிசும் இல்லை!

அழியாத கணக்கு

1977 ஜனவரியில் கல்கத்தாவில் சோல்கர் தம் கடைசி டெஸ்டை ஆடினார். 27 டெஸ்டுகளில் 1,068 ரன், 18 விக்கெட். இவை சாதாரணக் கணக்குதான்.

ஆனால் கேட்சுகள் 53! ஒரு டெஸ்டுக்கு ஏறக்குறைய இரண்டு. குறைந்தது 20 டெஸ்ட் ஆடியவர்களில், விக்கெட் கீப்பர்களை நீக்கி விட்டுப் பார்த்தால், இந்த விகிதத்தில் அவரை மிஞ்சியவர் உலகில் எவரும் இல்லை. அவருக்குப் பிறகு ஹெல்மெட் வந்தது. காலுக்குக் காப்பு வந்தது. அவற்றை அணிந்து நின்றவர்களாலும் அவரைத் தாண்ட முடியவில்லை!

2005ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி மும்பையில் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 57.

விக்கெட் விழுந்தால் பந்து வீசியவர் பெயரில்தான் எழுதுவார்கள். பிடித்தவர் பெயர் பக்கத்தில் சிறிதாக வரும். சோல்கர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புகழ் மற்றவர்களுக்குப் போகட்டும், ஆபத்து எனக்கு இருக்கட்டும் என்பது போல் நின்றார்.

வீட்டிலும் அப்படிச் சிலர் உண்டு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடும் தாய், தன் படிப்பை நிறுத்தித் தம்பியைப் படிக்க வைக்கும் அண்ணன். பலகையில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. அவர்கள் இல்லாமல் வெற்றியும் இல்லை.

சிறுவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டிப் பந்தில் ஆடும்போது ஹெல்மெட் இல்லாமல் அந்த இடத்தில் நிற்காதீர்கள். சோல்கரின் தைரியம் வேண்டும். அவர் காலத்து ஆபத்து வேண்டாம். ரப்பர் பந்தில் பழகுங்கள். பந்தைக் கடைசி வரை பாருங்கள், முகத்தைத் திருப்பாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரியில் குச்சி நடும்போது, "மட்டை எனக்கு! பந்து எனக்கு!" என்ற சத்தம் எழத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, "பக்கத்தில் நான் நிற்கிறேன்!" என்று ஒரு பொடியன் சொன்னால், அவனைக் கேலி செய்யாதீர்கள்.

அணியை வெற்றி பெறச் செய்பவன் அவனாகவே இருக்கலாம்!